ராகுவின் கடிகாரம்

தினசரிக் காலண்டரை நாளுக்கு ஒரு தாளாகக் கிழிப்பதற்குத்தான் அச்சடிக்கிறார்கள். தனசேகரன் கையில் கிடைத்தால் மட்டும் அதற்கு வேறு பிழைப்பு. சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு மளிகைக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த 1982ஆம் வருஷத்துக் காலண்டர், டிசம்பர் மூன்றாம் வாரமே தோ பாயோ வீட்டுக்கு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, கிழிக்காமல் ஒவ்வொரு தாளாகத் தூக்கித் தூக்கி, ஜனவரி எட்டாம் தேதிக்கு வந்து சேர்ந்தார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரையிலேர்ந்து பன்னெண்டு. அவங்க வரச் சொல்லியிருக்கிறது பத்தே முக்கால். மார்கழி மாசம் வேற. அடுத்த நாள் ராத்திரி சந்திர கிரகணம் வேற. இதுக்கு மேல ஒரு நாளு கெட்டுப்போகணும்னா வானம்தான் இடிஞ்சு விழணும்."

"விழட்டும், பூக்கூடையைத் தலைக்கு மேல கவுத்துக்கிட்டுப் போவோம்," என்றாள் மனைவி கண்மணி. வாழைநாரை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அரசாங்கத்துக் கடிதம் மேசைமேல் கிடந்தது. ரோட்டோரத்தில் கடை போட்டிருப்பவர்களையெல்லாம் புதுச் சந்தைக் கட்டடத்துக்குள் கொண்டுபோகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வந்து பெட்டியில் கைவிட்டுச் சீட்டெடுக்க வேண்டும். வராதவர் இடம் வேண்டாமென்று விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும். பக்கத்து வெற்றிலைக் கடை ஆம்ப்ரோஸ் இதைப் படித்துச் சொன்னபோது கண்மணி அந்தக் கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னாள். பூக்கடை அவளுடையது. நாலு மணிக்கு எழுந்து கிராஞ்சித் தோட்டத்து ஆர்க்கிட் பூவுக்கு லாரிக்காரனோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். மாலை கட்டுகிறவள் அவள். லைசென்ஸ் மட்டும் தனசேகரன் பெயரில்.

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை யாராவது சொன்னால் கண்மணி சும்மா விடமாட்டாள். கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இயந்திரம் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த மனிதர் யோசித்திருக்கிறார்: எங்கே தப்பு நடந்தது? வேலைக்குச் சேரக் கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. பதில் கிடைத்துவிட்டது. இரண்டு விரல் போனதற்கு ஒரு காரணமாவது கையில் இருக்கட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக விடவில்லை. இப்போது தொழிற்சாலை ஒன்றில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. வலது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள். நல்ல நேரம் பார்க்காமல் அந்த மனிதர் புதுச் சோப்பைக்கூடப் பிரிக்கமாட்டார்.

கெஞ்சிப் பார்த்தாள். கோபித்துப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள், அது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "போகலைன்னா இடம்தான் போகும். ராகு காலத்துல போனா வேற என்னென்ன போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டபோது, பையிலிருந்த கை இன்னும் உள்ளே போனது.

அப்போதுதான் அரசாங்கமே கண்மணிக்கு ஒத்தாசைக்கு வந்தது. புத்தாண்டிலிருந்து சிங்கப்பூர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி பதினொன்றரை மணியே பன்னிரண்டு மணி. ஊரே அதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, கண்மணி மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் பேச்சைக் குறைத்தால் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

புத்தாண்டு அன்று காலையில் காப்பியை நீட்டியபடியே, "ஏங்க, உங்க வாட்ச்சைத் திருப்பிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல. ஏன்?"

"திருப்பாதீங்க. ராகு காலம் சூரியன் உதிக்கிறதை வச்சுதானே? அரசாங்கம் நமக்கு நோட்டீஸ் விட்டுச்சு, சூரியனுக்கு விட்டுச்சா? ராகுவுக்கு விட்டுச்சா? அவங்க சொல்ற பத்தே முக்கால், நேத்து வரைக்கும் பத்தே கால். ராகு வர்றதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே நம்ம வேலை முடிஞ்சிரும் லா."

தனசேகரன் காப்பியைக் குடிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாஸ்திரப்படி ஒரு ஓட்டையும் இல்லை. அவருக்கே அப்படியொரு வழி தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்திருக்கும். வீட்டில் எல்லோரும் புது நேரத்துக்கு மாறினார்கள். அவருடைய மணிக்கட்டு மட்டும் பழைய வருஷத்திலேயே ஓடியது. ஜெயித்துவிட்டோம் என்று கண்மணி அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்மியே அடித்தாள்.

எட்டாம் தேதி. தனசேகரன் வேலைக்கு லீவு போட்டிருந்தார். சமூக மன்றத்தின் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். சுவரில் புதுக் கட்டடத்தின் வரைபடம். முன்னால் ஒரு மேசை, மேசைமேல் தகரப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் சுறுசுறுப்பான ஒரு சீனப் பெண். தனசேகரனின் எண் நாற்பத்தேழு. இவர்கள் போய் உட்கார்ந்தபோது முப்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தவங்க எண்ணைக் கூப்பிட ஒரு நிமிஷம்கூட ஆகாது," என்றாள் கண்மணி நம்பிக்கையாக.

ஆனால் அவள் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. நல்ல நேரம் பார்ப்பது தன் புருஷன் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்துவிட்டாள். கோழி விற்கும் சீனக் கிழவர் பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றவர் நின்றவர்தான். காய்கறிக்கார அம்மாள் பெட்டியைத் தொடாமல் மூன்று முறை சுற்றிவந்தாள். நாற்பத்துநாலாம் எண் சீட்டு வந்த மீன்காரர், நாலு என்றால் சீனத்தில் சாவு போல ஒலிக்கும், அது சாவு எண் என்று கத்தி, வேறு சீட்டு கேட்டுச் சண்டை பிடித்தார். இந்த ஆம்ப்ரோஸ் இருக்கிறானே, பதிமூன்று வந்துவிடக் கூடாதென்று சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை வெளியே எடுத்து, முழுசாக ஐந்து மணிகளை உருட்டிய பிறகுதான் கையை உள்ளே விட்டான். இருபத்திரண்டு வந்தது. வாசலுக்கு நேர். துள்ளிக்கொண்டு திரும்பி வந்தான்.

"அக்கா, எங்களுக்கு வெள்ளிக்கிழமையோட பதிமூணு சேரணும், அப்பத்தான் பயம். இன்னைக்கு எட்டுதான லா? அண்ணனுக்கு நல்ல இடமா விழும் பாருங்க!"

கண்மணி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடிக்க மூன்று நிமிடம். தனசேகரன் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்பத்தொன்றைக் கூப்பிட்டபோது அதிலும் பத்தரை.

"கண்மணி, வா. போகலாம்," என்று எழுந்துவிட்டார்.

அவள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்தாள். கொல்லைப்புறம் போகிற வழியில் ஒரு தூண். அதன் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் முகம் வெளுத்திருந்தது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கண்மணிக்குப் பாவமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லியே தீரவேண்டும் என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டது பொய்யாகாது என்பது இத்தனை நாளும் அவள் கட்சி. அந்தக் கட்சி அவ்வளவு பலமானதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை கடையில எப்ப யாவாரம்னு நினைக்கிறீங்க?"

"இப்ப எதுக்கு அது? காலையில போணி பண்ணிட்டு, பத்தரைக்குத் துணியைப் போட்டு மூடிடுவேன்னு நீதான..."

"நான் அப்படிச் சொன்னதே இல்ல. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் மறுக்கல." மூச்சு வாங்கியது. "ராகு காலத்துலதான் பொம்பளைங்க நம்ம கடைக்குப் பக்கத்துக் கோயிலுக்கு வருவாங்க. துர்க்கைக்கு எலுமிச்சம்பழத்துல விளக்கு வைக்க. எலுமிச்சை மாலை, செவ்வரளி, மல்லிகை எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துலதான் போகும். வாரம் பூரா விக்கிறதுல பாதி அது. போன வெள்ளிக்கிழமை கதை தெரியுமா? புது நேரத்துக்குக் கொஞ்ச பேரு, பழைய நேரத்துக்குக் கொஞ்ச பேரு. எந்த ராகு நிஜம்னு யாருக்கும் தெரியல. நான் ரெண்டு ராகுவுக்கும் மாலை கட்டினேன். நிமிர நேரமில்ல. நம்ம வீட்டு அரிசி, இந்தச் சட்டை எல்லாம் ராகு காலத்துக் காசுல வந்ததுங்க. பன்னெண்டு வருஷமா."

தனசேகரன் அவளையே பார்த்தார். உள்ளே நாற்பத்துமூன்றைக் கூப்பிடுவது கேட்டது.

"என்கிட்ட மறைச்சுட்டியே," என்றார்.

"ஆமா, மறைச்சுட்டேன். அன்னைக்கு நீங்க இருந்த நிலைமைக்குச் சொல்லியிருந்தா கடையை மூடச் சொல்லியிருப்பீங்க. பட்டினிதான் கிடந்திருப்போம். தப்புதான். வீட்டுக்குப் போயி எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

"நடக்குற யாவாரம் வேற, கண்மணி. புதுசா ஒண்ணைத் தொடங்குறது வேற. சாஸ்திரம் தொடங்குறதைத்தான் வேணாங்குது."

"நாம எதைத் தொடங்குறோம்? கடை தொடங்கிப் பன்னெண்டு வருஷமாச்சு. கூடையைத் தூக்கி இங்கேர்ந்து அங்க வைக்கப்போறோம். அவ்வளவுதான்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்த மெஷினுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதுங்க. மூடி கழண்டு கிடந்துச்சு. கை போறதுக்கு முந்தின நாளே நீங்கதான் அதை என்கிட்ட வந்து சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தின் மூடியைக் கோபித்துக்கொண்டு ஒரு மனிதனால் எத்தனை வருஷம் இருக்க முடியும்? ராகு என்றால் காலத்துக்கும் கூட வருவான்.

"போர்ட்டி செவன்!"

கண்மணி சட்டை நுனியை விட்டுவிட்டாள். இதற்கு மேல் பிடித்து இழுத்தால் அது அவர் எடுத்த சீட்டாக இருக்காது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். தனசேகரன் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ராகு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவர் வேட்டியைச் சரிசெய்கிறவர் மாதிரி கால்சட்டையின் இடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

மேசைக்கு முன்னால் இடது கை தானாக மேலே வந்தது. பாதியில் நின்றது. நல்ல காரியத்துக்கு இடது கையா? வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். இத்தனை பேருக்கு முன்னால் அது வெளியே வந்து எத்தனை வருஷமோ. சீனப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, பெட்டியை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். கை உள்ளே போனது. உள்ளே தாள்கள் உரசும் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வழியில்லை, ஆனாலும் கண்மணிக்குக் கேட்டது.

கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே சீட்டு வெளியே வந்தது.

அறுபத்தொன்று. சீனப் பெண் வரைபடத்தில் காட்டினாள். கடைசி வரிசை, கடைசி இடம். அதைத் தாண்டினால் மீன் பகுதி.

"பாத்தியா," என்றார் தனசேகரன், மெதுவாக. "பாத்தியா கண்மணி. கோயிலுக்குப் போறவங்க மீன் பக்கம் வருவாங்களா?"

அவளுக்கும் ஏமாற்றம்தான். ஆனால் வரைபடத்தின் கிட்டே போய், நார்க் கறை படிந்த விரலை அறுபத்தொன்றின் மேல் வைத்தாள். விரலை மெல்ல நகர்த்தினாள். மீன் பகுதி வலது பக்கம். இடது பக்கம் சுவரில் ஒரு சின்ன இடைவெளி.

"மிஸ், இது என்னா? கதவா?"

"பேக் டோர், ஆன்ட்டி."

"திறந்திருக்குமா?"

"ஐ திங்க் ஸோ."

பின்கதவு திறந்தால் சந்து. அந்தச் சந்து முடிகிற இடத்தில் கோயிலுக்குப் போகிற ரோடு. முன்வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு அது கடைசிக் கடை. பின்வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் கடை. கதவைத் திறந்து வைப்பார்களா, பூட்டி வைப்பார்களா, கட்டி முடித்த பிறகுதான் தெரியும். பூட்டினால் போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதுதான். லாரிக்காரனிடமே ஜெயிக்கிறவளுக்கு ஒரு கதவு எம்மாத்திரம்!

"மேசையை முன்னால பாக்கப் போடாம, இப்படித் திருப்பிப் போடணும்," என்றாள். "கதவு ஓரமா மூணு கம்பி கட்டி எலுமிச்சை மாலையைத் தொங்கவிட்டா, ரோட்லேர்ந்தே தெரியும். வெள்ளிக்கிழமைக்கு இது போதும். வாங்க, அந்தச் சந்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவோம்."

திரும்பிப் பார்த்தாள்.

தனசேகரன் ஜன்னலோரம் நின்றிருந்தார். கடிகாரம் கட்டிய இடது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் அதன் சாவியை இழுக்கப் பார்த்தார். அது வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். உதவிக்குப் போகலாமா என்று கண்மணி ஓர் அடி எடுத்துவைத்து நின்றுகொண்டாள். மூன்றாவது தடவை சாவி வெளியே வந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, முள்ளை மெல்ல மெல்ல முன்னால் திருப்ப ஆரம்பித்தார்.