பயத்துக்கு 'ஆஃப்'

என் வீட்டுக்காரர் நாகேந்திரனுக்கு ஒரு வியாதி. யாராவது இங்கிலீஷ் பேசினால் அவர் காதில் விஷயம் விழாது, தப்பு மட்டும்தான் விழும். அதுவும் பேசுவது நான் என்றால் கேட்கவே வேண்டாம். போன பொங்கலுக்கு அவருடைய ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். குழம்பு பிரமாதம் என்று ஒருவர் சொல்ல, நானும் சும்மா இருக்காமல் "ஐ ஆம் குட் இன் குக்கிங்" என்றேன். "'இன்' இல்ல தாட்சா, 'அட்'டு. குட் அட்டு" என்றார் இவர், பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இங்கிலீஷில் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பையன் தமிழரசு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்காக போனில் அப்பாயிண்ட்மென்ட் பதிவு செய்கிற வேலை. இங்கிலீஷில் பேசவைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

"போயேன், யாரு வேணான்னா? ஆனா இதுல தேறலன்னு வச்சிக்கோ, அப்பறம் வேலை கீலைன்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சரி, தொறக்கல" என்று சொல்லிவிட்டேன்.

மாடி வீட்டு ரோஷினியிடம் ஓடினேன். தேனிப் பெண், ஐ.டி.யில் வேலை. என் பேச்சைக் கேட்டுவிட்டு, மற்றதெல்லாம் பரவாயில்லை, இந்த ஆஃப், அட், வித்தில்தான் இடிக்கிறது என்றாள். எனக்கும் தெரிந்ததுதான். பயத்துக்கு 'ஆஃப்' வருமாம், கோபத்துக்கு 'வித்' வருமாம், கவலைக்கு 'அபவுட்' வருமாம். ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பார்கள்.

"சும்மா மனப்பாடம் பண்ணா நிக்காதுக்கா. ஒவ்வொண்ணையும் வீட்ல ஒரு ஆள் மேல வச்சுச் சொல்லுங்க. ஆளை நினைச்சா அதுவும் கூடவே வந்துரும்" என்றாள்.

அப்படியே செய்தேன். 'ப்ரௌட் ஆஃப்' என்றால் தமிழரசு. 'டிபெண்ட் ஆன்' என்றால் ரோஷினியேதான். 'மேரீட் டு' என்றால் வேறு யார், நாகேந்திரன். அதற்கப்புறம் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று பயம் வந்தது. நாகேந்திரன் என்றேன். அலுப்பு வந்தது, கோபம் வந்தது. யோசிக்காமலே அதே பேர்தான் வாயில் வந்தது.

"எல்லாத்தையும் அண்ணன் தலையிலயே கட்டிட்டீங்களேக்கா" என்று சிரித்தாள்.

"அவர் பேர்தான் மறக்க மாட்டேங்குது" என்றேன். நானும் சிரித்தேன்.

அவர் ஆபீஸ் போனதும் ஆரம்பிப்பேன். அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் அதே வரிசை, அதே பேர்கள். குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட மறந்துபோகும். நல்ல வேளையாக இது மறக்கவில்லை.

இன்டர்வியூ அன்று ஆவடியில் ரயில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டே முணுமுணுத்தேன். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்தபோது கால் ஒரு பக்கம் போனது, மனசு வீட்டுக்குத் திரும்பிப் போனது. தேறாவிட்டால் அந்த மனுஷன் முகத்தில் வரப்போகிற சிரிப்பு எனக்கு இப்போதே தெரிந்தது.

கேள்வி கேட்டவன் அபிஷேக் என்று ஒரு பையன். மரியாதையானவன். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். என் தலைக்குள் இருந்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. வரிசை மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐ ஆம் மேரீட் டு நாகேந்திரன். ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் மை சன்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் நாகேந்திரன். ஐ ஆம் டயர்ட் ஆஃப் நாகேந்திரன். ஐ ஆம் ஆங்ரி வித் நாகேந்திரன்."

அபிஷேக் டைப் அடிப்பதை நிறுத்தினான். தப்பு விட்டுவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. "'வித்'துதானே சார்?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"'வித்'துதான் மேடம்" என்றான் மெதுவாக. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். "வீட்ல எல்லாம் சரியா இருக்கா?"

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. முகம் எரிந்தது. "அது சும்மா ப்ராக்டிஸ் சார்" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இத்தனை நாள் சமையலறையில் நின்று உண்மையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

அவன் அதைத் துருவவில்லை. கத்துகிற நோயாளியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டான். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பார்த்துக்கொள்ள நாகேந்திரன் முகம் அங்கே இல்லாததால் இங்கிலீஷ் தானாக வந்தது. முடிவில், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றான்.

சாயந்திரம் இவர் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். "இன்னா ஆச்சு? ஊத்திக்கிச்சா?"

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"மெய்யாலுமா?" தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "இன்னாதான் கேட்டான்?"

"குடும்பத்தைப் பத்தி."

"நீ இன்னா சொன்னே? சொல்லு பாப்போம், எத்தினி தப்புன்னு பாக்குறேன்."

அடுப்பைத் தணித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோசையைத் திருப்பிக்கொண்டே, பேர் வந்த இடத்திலெல்லாம் 'யூ' போட்டு, ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னேன்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் யூ."

"கரெக்ட்டு. 'ஆஃப்'பு."

"ஐ ஆம் டயர்ட் ஆஃப் யூ."

"அதுவும் கரெக்ட்டு."

"ஐ ஆம் ஆங்ரி வித் யூ."

தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "பரவால்லியே. ஒரு தப்புகூட இல்ல தாட்சா."

"தெரியும்" என்றேன்.