கண்ணாடிக் கொம்பு

தனபாலுக்குச் சிங்காநல்லூரில் லேத் பட்டறை. பம்பு ஷாஃப்ட் கடைவது தொழில். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பது வியாதி. தேனிலவுக்கு ஊட்டி போனபோது, துடுப்பு மாட்டும் வளையம் ஆடுகிறதென்று படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லி இறங்கிவிட்டார். புதுப்பெண் சண்முகப்ரியா படகுக்காரரோடு தனியாக ஏரியைச் சுற்றி வந்தாள்.

இருபத்தைந்து வருஷமாக அவள் கேட்பது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, எதையும் ரிப்பேர் செய்யாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து படகில் வர வேண்டும்.

கல்யாண வெள்ளிவிழாவுக்கென்று, அவிநாசியில் அவர்களுக்கிருந்த தோட்டத்துக் குட்டைக்கு ஒரு பழைய ஃபைபர் படகு வந்தது. அதில் கயிறு கட்டும் இரட்டைக் கொம்பு உடைந்திருந்தது.

“கடையில வாங்கிப் போடுங்க.”

“லேத் வெச்சிருக்கறவன் கடைக்குப் போறதா? ஊரு சிரிக்கும் அம்மணி.”

மூன்று மாதம் கடைந்தார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் அளந்தார். கடைசியில் பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றிக் கண்ணாடியாக்கினார்.

“மாடு கட்டற மொளைக்குச்சி சொரசொரன்னு இருக்குமுங்க. அதான் கயிறு நிக்குது. இது வழுக்கிப்போடும்” என்றாள் சண்முகப்ரியா.

“அது மரம். இது ஸ்டெயின்லெஸ்.”

பட்டறையின் மூத்த டர்னர் ஆரிஃப் கொம்பில் முகம் பார்த்தார். “தல வாரிக்கலாமுங்கண்ணா.”

திருமண நாளன்று காலையில் பட்டுச்சேலையும் கச்சாயப் பலகார டப்பாவுமாக அவள் படகில் ஏறினாள். தனபால் ஏறவில்லை. கரையில் நின்று கொம்பை மட்டும் செல்போனில் படமெடுத்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு, உன்ற சேலை மறைக்குது.”

வைகாசிக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. படகைக் கட்டியிருந்த நைலான் கயிறு கொம்பிலிருந்து வெண்ணெயாக வழுக்கிக் கரையிலேயே விழுந்தது. படகு குட்டையின் நடுவுக்குப் போயிற்று. துடுப்புகளோ கரையில் கிடந்தன. அவற்றை மாட்டும் வளையத்தை அவர் இன்னும் கடைந்து முடிக்கவில்லை.

“அம்மணி! பயப்படாத!”

“எனக்கென்னங்க பயம்? ஊட்டியிலயே பழகிப்போச்சு.”

தனபால் செல்போனைக் கரையில் நின்ற ஆரிஃபிடம் கொடுத்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு குதித்து நீந்தினார். மூச்சிரைக்கப் படகில் ஏறியவர், முதலில் பார்த்தது கொம்பைத்தான்.

“லேசா ஒரு அரம் போட்டா...”

சண்முகப்ரியா டப்பாவைத் திறந்து அவருடைய இரண்டு கையிலும் கைக்கொன்றாகக் கச்சாயத்தை வைத்தாள். வலது கையிலிருந்ததைத் தின்று முடித்ததும் அதில் இன்னொன்று வைத்தாள்.

“அக்கா, கயிறு வீசட்டுங்களா?” என்று கரையிலிருந்து கத்தினார் ஆரிஃப்.

“டப்பா காலியாகட்டும், சொல்றேனுங்க!”