தோள் அகன்ற வருடம்

"ஒண்ணுகூட இல்லையா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டது அவள்தான். கேட்க வேண்டிய புருஷன் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இல்லம்மா. போன வருஷம் குறைச்சலா இருந்துச்சு, ஆனா இருந்துச்சு. அத வச்சே முயற்சி பண்ணலாம்னுதான் வரச் சொன்னேன். இப்ப ரெண்டு தடவை சாம்பிள் பாத்தாச்சு. விந்தணுவே இல்ல." டாக்டரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவனை நிதானமாகப் பார்த்தார். கழுத்து, தோள், புஜம். "ஜிம்முக்குப் போறீங்களா?"

"போறேன் மேடம்."

"ஊசி ஏதாச்சும் போட்டுக்கிறீங்களா?"

"இல்ல மேடம்."

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி அவன் புஜத்தைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

துணிக்கடையில் ஆல்டரேஷன் மேசைக்காரி அவள். ஊரான் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுவாள். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்று டேப்பை எடுக்குமுன்னே சொல்லிவிடுவாள். அந்தக் கண்தான் ஒரு வருஷமாகப் புருஷன் விஷயத்தில் தூங்கியிருக்கிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்தின்போது ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தான், அப்படித்தான் கூப்பிடவும் செய்தாள். முதல் ரிப்போர்ட் வந்தபோது சிகரெட்டை விடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. சிகரெட்டை விட்டான், ஜிம்மில் சேர்ந்தான். சட்டை முதலில் கையில் பிடித்தது, பிறகு தோளில். கடை முடிந்து வந்து அவளே தையலைப் பிரித்துவிட்டாள். அதில் ஒரு பெருமை வேறு. "இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல பயில்வான், புதுசுதான் வாங்கணும்" என்று முதுகில் தட்டினாள். அவன் சிரித்தான். எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ.

மாமியாருக்கு மகனைப் பார்த்துப் பூரிப்பு. "எம்புள்ள சிங்கமாட்டம் இருக்கான். வாச்சதுதான் சரியில்ல" என்று காதில் விழுகிற மாதிரியே சொல்வாள். அவள் கேட்டுக்கொண்டாள். வேறு வழி? அந்தப் பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதே அவள்தான். முதல் ரிப்போர்ட் அன்று, குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவன் அழுதது வெளியே வரை கேட்டது. அந்த நேரம் பார்த்து மாமியார் ஃபோன் போட்டு யாருக்குக் கோளாறு என்று கேட்க, "எனக்குத்தான் அத்தை" என்றுவிட்டாள். அப்படிச் சொல்லும்படி அவன் கேட்கவில்லை. சொன்ன பிறகு மறுக்கவும் இல்லை.

"மாஸ்டர்தான் மேடம்..." என்றான் இப்போது. "ஜிம் மாஸ்டர். ஆம்பளைக்கு வேண்டிய ஹார்மோன் இது, இது ஏறினா அதுவும் தானா ஏறும்னாரு."

"இது ஏறினா அது நின்னுடும். வெளியிலேர்ந்து வந்துகிட்டே இருந்தா, நமக்கு இங்க வேலையில்லன்னு உள்ள உற்பத்தியே நின்னு போயிடும். குழந்தை வேணும்கிறவங்க தொடவே கூடாத ஊசிப்பா அது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"நிறுத்திட்டா திரும்பி வருமா மேடம்?" இதையும் அவளே கேட்டாள்.

"நிறைய பேருக்கு வரும். மருந்தும் தரேன். மாசக்கணக்கு ஆகலாம், வருஷம் தாண்டியும் போகலாம்." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "உங்களுக்குத்தாம்மா அவ்வளவு நேரம் இல்ல. முட்டை இருப்பு ரொம்பக் கம்மின்னு போன தடவையே சொன்னேன். எடுத்து உறைய வைக்கலாம், ஆனா கிடைக்கிறது ஒண்ணோ ரெண்டோ. யோசிச்சிட்டு வாங்க."

லிஃப்டில் கூட்டம். படியில் இறங்கினார்கள். திருப்பத்தில் அவள் நின்றாள்.

"உனக்காகத்தான் போட்டேன்" என்றான் பின்னாலிருந்து.

"எனக்காகவா?" எப்போதும் வருகிற 'ங்க' வரவில்லை. "எனக்கு எதுக்குடா இந்தத் தோளு? நான் கேட்டேனா?"

"அம்மா உன்னத் திட்டும்போதெல்லாம் எனக்கு உள்ள கெடந்து அறுக்கும். எப்படியாச்சும் சரி பண்ணிடணும்னு..."

"எங்கிட்டதாம்மா கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சரியாயிருக்கும். அதுக்கு ஊசி வேணாம். நாக்கு போதும்."

அவன் அழுதான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல அவளுக்குக் கை பரபரத்தது. எங்கே அடிப்பது? பழைய ஒட்டடைக்குச்சியாக இருந்தால் அடித்துவிட்டு அவளே கட்டிக்கொண்டிருப்பாள், இரண்டு கைக்குள் அடங்கியிருப்பான். இந்த உடம்பில் அவனை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. மாஸ்டர் மேல் வந்த கோபமும், மாமியார் மேல் வந்த கோபமும், 'எனக்குத்தான்' என்று முந்திக்கொண்ட தன் வாய் மேல் வந்த கோபமும் சிக்கல் விழுந்த நூலாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

பையில் ஃபோன் அடித்தது. மாமியார். மருத்துவமனைக்கு வருகிற நாளில் மகனுக்குக் கூப்பிடவே மாட்டாள், மருமகளுக்குத்தான். அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க? இந்தத் தடவையாச்சும் உன் உடம்பு வழிக்கு வந்துச்சா இல்லையா?"

ஃபோனை அவனிடம் நீட்டினாள். மின்சாரக் கம்பியை வெறுங்கையால் சோதிக்கிறவன், அதைத் தொடத் தயங்கினான். பிறகு வாங்கினான்.

"அம்மா..."

"நீயாடா? அவ எங்க? அழறாளா?"

கீழேயிருந்து ஒரு தம்பதி ஏறி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் காலியான தண்ணீர் பாட்டில். ஸ்கேனுக்காகக் குடித்து, அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். இவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அவன் நடுப்படியில் அப்படியே நின்றான், அகன்ற தோள் படியை அடைத்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தபடி. "ஹலோ... ஹலோ... கேக்குதாடா?" என்று அவன் உள்ளங்கைக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"சார், கொஞ்சம்..." என்றாள் அந்தப் பெண், காலோடு காலைப் பின்னிக்கொண்டு.