ஒரு விரற்கடை தாழ்வு

இது தொண்ணூற்றேழில் நடந்ததா, அதற்கடுத்த வருஷமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. செம்மறிகள் குட்டி போடுகிற மாதம் என்பது மட்டும் நிச்சயம். பண்ணைக்காரி மியூரியல் கோட்ஸின் மேல்கோட்டு முழுக்க ரத்தமும் சீம்பாலுமாக இருந்தது கண்ணில் நிற்கிறது. சிலதை நானே பார்த்தேன், சிலதை நெவில் சொல்லிக் கேட்டேன். எது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

நெவில் ஐவ்சன் கல்சுவர் கட்டுகிறவன். யார்க்‌ஷயர் மேட்டு நிலங்களில் காரை பூசாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்புகிற சுவர்கள். வயது நாற்பத்தேழு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எங்கள் கிளப்போடு ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். வேகத்துக்கு அங்கே வேலையில்லை. பாசி பிடித்த ஓடைக்கல், சேறு, வேர் எல்லாவற்றின் மேலும் நின்றபடியே மெல்ல ஏறிப் போக வேண்டும். உட்கார வண்டியில் சீட்டே கிடையாது. கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம், வண்டி நின்றுபோனால் ஐந்து. ஒவ்வொரு தடத்தின் ஓரத்திலும் ஒரு நடுவர் நின்று விரலை உயர்த்திக் காட்டுவார். மூடின கை காட்டினால் தண்டமே இல்லை என்று அர்த்தம்.

அந்தக் குளிர்காலத்தில் நெவிலுக்குக் கடிதம் வந்தது. ஸ்காட்லாந்தில் மே மாதம் நடக்கிற ஆறு நாள் போட்டிக்கான குலுக்கலில் அவன் பெயருக்குச் சீட்டு விழுந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சீட்டுக்காக வருஷக்கணக்கில் எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. நெவிலுக்கு இது இரண்டாவது முறை. எட்டு வருஷம் முன்னால் ஒருமுறை விழுந்தது. டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போனவன், வண்டிகளைப் பரிசோதிக்கிற மைதானத்தின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். கியர்பாக்ஸ் போச்சு என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. கியர்பாக்ஸுக்கு ஒன்றும் இல்லை என்பது அவன் மனைவி பெரிலுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். எட்டு வருஷமாக அதைப் பற்றி எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்ட மௌனத்தோடு ஒரே ஊரில் இருப்பது லேசான காரியமில்லை.

கடிதம் வந்த வாரமே புதிய வண்டி ஒன்றை வாங்கினான். சிவப்பு, ஸ்பெயினில் செய்தது, பழைய நீல வண்டியைவிடப் பதினைந்து கிலோ குறைவு. ஆறு நாளும் ஒரே வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். முதல் நாளைக்கு முன்னால் எஞ்சினிலும் சட்டத்திலும் சக்கரங்களிலும் பெயிண்ட் பொட்டு வைத்துவிடுவார்கள், அப்புறம் அவற்றை மாற்ற முடியாது. எது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். நெவிலால் முடியவில்லை.

ஷெட்டில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஸ்பேனரும் கையுமாக அலைந்தான். புதியதன் ஹேண்டில்பாரை ஒரு நூல் முன்னால் தள்ளினான், மறுநாள் பின்னால் இழுத்தான். கிளட்ச்சை ஒற்றை விரலுக்கு வாகாக இறக்கினான், ஏற்றினான். ஆக்சிலேட்டர் சட்டென்று பாய்கிறது என்று முறுக்குக் குழாயை மாற்றினான். பின் டயரில் நாலு பவுண்டு காற்று வைத்தான், அப்புறம் மூன்றரை. சாப்பிடும்போதுகூட முட்கரண்டியைப் பிடித்த கையின் மணிக்கட்டு தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

"உருளைக்கிழங்குக்கும் ஆக்சிலேட்டர் வச்சிருக்கியா?" என்றாள் பெரில்.

"வண்டி நேரா நிக்க மாட்டேங்குது. இடது பக்கம் தள்ளுது."

"பழசு?"

"பழசு நல்லாத்தான் இருக்கு. ஆனா கனம். ஆறு நாள் தாங்குவேனான்னு தெரியல."

"அப்ப ரெண்டுமே சரியில்ல."

அவன் முட்கரண்டியை மறுபடி முறுக்கினான். பெரில் வெளியே போய்க் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள். இந்த முறையும் இவன் திரும்பி வந்தால் மறுபடி எழுதிப்போட மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு ஆளோடு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது என்று அவள் அப்போது யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

குட்டி போடும் காலத்தில் மேய்ச்சல் நிலத்தில் யாரும் வண்டி விடக் கூடாது. மியூரியல் தன் நிலத்து ஓடையை மட்டும், மத்தியானத்துக்குமேல் இரண்டு மணி நேரம், நெவிலுக்கு விட்டுக்கொடுத்தாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இருபது வருஷமாக அந்த ஓடைத் தடத்தின் நடுவர் அவள்தான். ஒரு சனிக்கிழமை நெவில் இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்தான். வண்டி சறுக்கினால் கயிறு போட்டு இழுக்க நானும் போயிருந்தேன்.

தடத்தின் பாதியில் ஒரு சரிந்த பாறை, அதன்மேல் ஏறியதும் வலது திருப்பம். சிவப்பு வண்டியில் நாலு முறை ஏறினான். நாலு முறையும் அதே இடத்தில் வலது காலை ஊன்றினான். ஒவ்வொரு முறையும் இறங்கி ஹேண்டில்பாரைத் தளர்த்தி மாற்றினான்.

மியூரியல் ஒரு குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், அந்தப் பாவப்பட்ட ஹேண்டில்பார் உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"நீ குட்டியப் பாரு."

"குட்டிக்கு உன்னைவிட நிதானம் ஜாஸ்தி. நீல வண்டிய எடு."

நீல வண்டியில் ஏறினான். பாறை, திருப்பம், மேடு. கால் படவில்லை. அவள் மூடின கையைக் காட்டினாள். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இருபது வருஷமா உன் முதுகுப்பக்கத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அழகான காட்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தெரியும். உன் வலது குதிகால் ஏழெட்டு வருஷமா வெளிப்பக்கமா இறங்கியே இருக்கு. வாத்து மாதிரி. சிவப்புல அது இறங்கல. இறங்க இடமில்லாம முழிக்குது."

"குதிகாலுக்கு முழி வேற இருக்கா?"

"வண்டிய நேராப் பிடி."

எழுந்து வந்து தன் ஆடு மேய்க்கும் கோலை நீல வண்டியின் இடது ஃபுட்ரெஸ்ட்டின் வெளி நுனிக்குப் பக்கத்தில் நிறுத்தி, உயரத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்து கோலை நிறுத்தினாள். ஃபுட்ரெஸ்ட்டின் நுனி அவள் விரலுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. சிவப்பு வண்டியிலும் அதேபோல் பார்த்தாள். இரண்டு பக்கமும் விரல் சரியாக உட்கார்ந்தது.

நெவில் குனிந்து நீல வண்டியின் வலது ஃபுட்ரெஸ்ட்டைத் தடவிப் பார்த்தான். 

"எப்ப வளைஞ்சுது இது?" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாது.

நெவில் வண்டியைப் பார்த்தபடியே சொன்னான். "ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த அன்னிக்கு. டிரெய்லர்லேர்ந்து இறக்கினேன். இறக்கலை, தள்ளினேன். சுவத்துல மோதி ஃபுட்ரெஸ்ட் தாங்கி உடைஞ்சுது. நானே வெல்டிங் வச்சேன். அன்னிக்கு எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

ஒரு சுவரைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தே அரை அங்குலச் சாய்வைச் சொல்லிவிடுகிறவன் அவன். தன் காலடியில் இருந்ததை எட்டு வருஷம் பார்க்கவில்லை. உடம்பு அந்தக் கோணலுக்குப் பழகி, அதுதான் நேர் என்று நம்பிவிட்டது.

"அப்ப கியர்பாக்ஸு?" என்றாள் மியூரியல், குட்டியின் காதைத் தடவிக்கொண்டே.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்."

அவ்வளவுதான். எட்டு வருஷத்து விஷயம் ஒரு "ம்"மில் முடிந்தது.  நெவில் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, சிவப்பு வண்டியின் வலது ஃபுட்ரெஸ்ட்டை நுனி கீழே இறங்குவதற்காக அதன் முட்டுக்கொடுக்கிற இடத்தில் ராவ ஆரம்பித்தான். பத்து இழுப்பு, ஏறி நின்று பார்ப்பான். மறுபடி பத்து. புத்தம்புது வண்டியைக் கோணலாக்குகிறான் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. ஹேண்டில்பாரைக் கடையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பி வைத்தான். பிறகு ஏறினான். பாறை, திருப்பம். வலது கால் துடித்தது, ஆனால் இறங்கவில்லை. மேட்டில் மட்டும் இடது கால் ஒருமுறை பட்டது.

மியூரியல் ஒரு விரலை உயர்த்தினாள். "இனிமே வண்டிமேல பழி போட முடியாதுடா. அடுத்து யார்மேல போடுவே? என்மேலயா?"

 அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெவில் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியுமாக வந்தான்.

மே மாதம் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போனான், பெரிலும் அவனோடு போனாள். மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன, தூறல் வேறு. நெவில் வரிசையைவிட்டு இரண்டு முறை வெளியே போனான். முதல் முறை கழிப்பறைக்கு. இரண்டாம் முறை எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. பெரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அவன் திரும்பி வந்தான்.

பெயிண்ட் டப்பாவோடு வந்த கிழவர் எஞ்சினில் பொட்டு வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"தம்பி, உங்க வலது ஃபுட்ரெஸ்ட் கீழ தொங்குதே. பாத்தீங்களா? நாலு மணிவரைக்கும் நேரம் இருக்கு. ஓரமாப் போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. வேணும்னா நாளைக்குக் காலைல கூட..."

வாசல் பின்னால் முப்பதடியில் திறந்திருந்தது. டிரெய்லர் அதற்கு வெளியே நின்றது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம் ஒன்றை அந்த நல்ல மனுஷர் தானாகக் கையில் கொடுத்தார். நெவில் ஃபுட்ரெஸ்ட்டைப் பார்த்தான். பெரில் அவனைப் பார்க்காமல் மைதானத்துக்கு அப்பாலிருந்த ஏரிப் பக்கம் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற எவனோ எஞ்சினை உறுமவிட்டு அணைத்தான்.

"அது சரியாத்தான் இருக்கு," என்றான் நெவில். "நீங்க பொட்டு வைங்க."

நெவில் ஆறு நாளும் ஓட்டினான். நூற்று எண்பத்தொன்றாவதாக வந்தான், ஐந்தாம் நாள் விலா எலும்பு ஒன்று உடைந்தது. மறுபடி எழுதிப்போடவில்லை, அவனுக்கு அது தேவைப்படவில்லை. பெரில் அவனோடுதான் இருக்கிறாள். மியூரியல் இரண்டு குளிர்காலம் கழித்து இடுப்பை முறித்துக்கொண்டு பண்ணையை விற்றாள், இப்போது ஊருக்குள் தங்கையோடு இருக்கிறாள். ஓடைத் தடத்துக்கு இப்போது நான்தான் நடுவர். நீல வண்டியைப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வாங்கி, முதல் வேலையாக வலது ஃபுட்ரெஸ்ட்டை நேராக்கிக்கொண்டான்.