பேசி வாங்கிய நாலு நாள்

பிளம்பர் இரண்டு குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "விலை ஜாஸ்தியா இருக்கேண்ணே, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார்.

"சரி, குறைச்சுக்கலாம். எடுத்துக்க" என்றார் குழாய்க்கடைக்காரர்.

பிளம்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசித்தான் இந்தக் கடையில் ஒரு வாஷராவது வாங்கியிருக்கிறார். குழாயை வெளிச்சத்தில் பிடித்து மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னண்ணே, சரக்கு பழுதா?"

"இல்லப்பா."

"அப்ப உங்களுக்குத்தான் ஏதோ பழுது."

"முதலாளி போயிட்டாருய்யா. வெள்ளிக்கிழமை."

முதலாளி என்பது நாயின் பெயர். குட்டியாக இருந்தபோது வைத்த பெயர் வேறு. அது வீட்டில்கூட மறந்துபோயிற்று. கடையில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் பன்னிரண்டு வருடம் அது படுத்திருந்தது, கடைக்காரர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். யாராவது விலையைக் குறைக்கச் சொல்லிக் கழுத்தைப் பிடித்தால், "என் கையில என்ன இருக்கு, முதலாளியக் கேக்கணும்" என்று அந்தப் பக்கம் திரும்புவார். நாய் ஒரு கொட்டாவி விடும். "ஒத்துக்கலயே" என்பார். அந்தக் கொட்டாவியை மீறி விலை பேசியவர் ஊரில் இல்லை. கடைசி இரண்டு வருடம் படியேற முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டது. அப்போதும் நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

பிளம்பர் குழாய்களைக் கீழே வைத்தார். "பாவம். வயசாச்சுல்ல. கஷ்டப்படாமப் போச்சா?"

நாலு நாளாகக் கடைக்காரரும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பிளம்பரை அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டு, நாய் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்.

போன வாரம் திங்கட்கிழமை நடந்தது இதுதான். நாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே விட்டுடலாம். ஒரு ஊசிதான். அதுக்கு ரொம்ப வலி இருக்கு" என்றார். நாயை மடியில் வைத்திருந்த கடைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க டாக்டர்" என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எதிராளி முதலில் சொன்ன வார்த்தைக்குத் தலையாட்டியது கடைக்காரர் வம்சத்திலேயே கிடையாது.

"ஒரு பத்து நாள் குடுங்க டாக்டரம்மா."

"பத்து நாளா? ரெண்டு நாளே தாங்காது."

"எட்டு?"

"சார், இது நான் குடுக்கிறது இல்ல. அது படுற பாடு."

அவர் எழுந்து கதவுவரை போனார், திரும்பி வந்தார். வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நகர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை என்று படிந்தது. வண்டியில் வரும்போது, "பத்துன்னு ஆரம்பிச்சதாலதான் நாலு கிடைச்சுது" என்று மனைவியிடம் சொன்னார். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் கடைக்குப் புதுச் சரக்கு வரும் வாரம். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. வந்ததும் நாயின் தலையைத் தடவி, "இன்னிக்குப் பரவாயில்ல போலிருக்கே" என்பார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைப் பூட்டிக்கங்க".

டாக்டரம்மாவின் அறையில் ஒரு பூனை கூடைக்குள்ளிருந்து திட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் இவர் உள்ளே நுழைந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான், டாக்டரம்மா. அந்த நாலு நாளும் அது கஷ்டப்பட்டுச்சா?"

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடிக்க அத்தனை நேரம் தேவையில்லை.

"திங்கக்கிழமையே சொன்னேனே, சார்."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

"செவ்வாய்க்கிழமை காலையில என் கையில தண்ணி குடிச்சுது. வாலைக்கூட ஆட்டிச்சு. அதையாவது கழிச்சுக்கங்க. மூணுன்னு வச்சுக்கலாமா?"

வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சரி சார். செவ்வாய்க்கிழமை நல்லாத்தான் இருந்திருக்கும். மூணே வச்சுக்கங்க."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். நாலு கடை தாண்டுவதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் இறங்குகிற விலை விலையே அல்ல. அது ஆளைப் பார்த்துப் போடுகிற பிச்சை. காலையில் பிளம்பருக்குத் தான் கொடுத்ததும் அந்தச் சரக்குதான். வண்டியை நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பட்டப்பகலில் அவர் வந்து நின்றதைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். "என்னாச்சு? நெஞ்சு வலியா?"

"டாக்டரைப் பாத்துட்டு வரேன். நம்ம நாய் டாக்டரை." அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மூணு நாள் கஷ்டப்பட்டுச்சாம்."

"மூணா? எப்படி மூணாச்சு?"

"பேசினேன்."

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அங்கயும் போய்ப் பேசினீங்களா! செத்துப்போனதுக்கும் பேரமா, உங்களுக்கு?"

"நாலுதான்" என்றார் அவர். "நாலுதான். அந்தம்மா பாவம் பாத்து ஒண்ணைக் குறைச்சாங்க."

"நீங்க பாட்டுக்கு வாங்கிட்டுக் கடைக்குப் போயிட்டீங்க. அந்த நாலு நாளையும் தூக்கிச் சுமந்தது யாரு? ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டேன். இடுப்பு போச்சு. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். சரக்கு வரும் வாரம் என்று சொல்ல வந்தது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"இல்ல. கேக்கல."

அவளுக்கு அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. "அதோட விரிப்பெல்லாம் பாத்ரூம்ல வாளியிலயே கிடக்கு. அலசிப் போட மனசு வரல. நாறுது" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முதல் வாளியைக் கவிழ்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் துணி துவைத்து அவருக்குப் பழக்கமில்லை. சோப்பு நுரைக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அவள் கதவுக்கருகே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த நீலக்கட்டம் போட்டது புதன்கிழமை விரிச்சது" என்றாள். "அன்னிக்குக் காலையிலிருந்து முனகல். பாட்டு மாதிரி விடாம."

அவர் கசக்கினார்.

"வியாழக்கிழமை தண்ணிகூட இறங்கல. துணியை நனைச்சு உதட்டுல வச்சேன். மத்தியானம் வாசல்ல ஏதோ வண்டி நின்னுது. உங்க வண்டி மாதிரியே சத்தம். தலையைத் தூக்கிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் அப்படியே தூக்கி வச்சிருந்துது. நான்தான் அமுக்கிப் படுக்க வச்சேன்."

அவர் கை நின்றது. குழாயை மூடினார், அவள் சொல்வது காதில் விழட்டும் என்று.

"எத்தனை மணி இருக்கும் அப்ப?"

"மூணு, மூணரை."

மூன்று மணிக்கு அவர் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். வந்திருக்கலாம். அதை அவளிடம் சொன்னார். அவள் எழுந்து வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதை முறுக்கிப் பிழிந்தார்கள்.