திருஷ்டிக்கு எடுத்த சிரிப்பு

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவரைச் செத்தபடியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். தோஷம் அத்தோடு கழிந்தது. அந்தச் சிரிப்பை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள். வெளியில் ஒருவர் கண்ணிலும் படாது.

படக்கூடாது.

ஸ்ரீரஞ்சனி தி. நகரில் ஒரு சீரியல் கம்பெனியில் எடிட்டிங் உதவிக்கு இருந்தாள். எழுபத்தோராம் வருஷத்து யுத்தத்தை வைத்து வாராவாரம் வரும் தொடர். அதில் சாகிற காப்டன் வேறு யாருமில்லை, அந்த யுத்தத்தில் செத்துப்போன, அவளுடைய அத்தை விசாலாக்ஷியின் கணவர்தான். மயிலாப்பூருக்கு நடையாய் நடந்து அத்தையைச் சம்மதிக்க வைத்தவளும் அவளேதான்.

"எடுத்துக்கோங்கோ. அவரைக் கேலிக்கூத்தா ஆக்கிடாதேங்கோ, அது போறும்" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த அவருடைய ஒரே படத்தைக் கழற்றிக் கொடுத்தாள் அத்தை. மேக்கப் போடும் கலீமுல்லா அதைப் பார்த்துத்தான் காப்டனாக நடிக்க வந்த ஊரூர் குப்பத்து வேலுவுக்கு மீசை ஒட்டினார்.

அடையாறு கடலில் சேரும் இடம்தான் தொடரில் வங்காளத்து ஆறு. வேலுவின் கையில் எலெக்ட்ரானிக் வாட்ச், தூரத்தில் கரண்ட் கம்பம். "யாருய்யா அதையெல்லாம் பாக்கப் போறா?" என்றார் டைரக்டர். வேலு மணலில் விழுந்து அருமையாகச் செத்தான்.

"சிரிடா!"

"இன்னாண்ணே, பொணத்தைப் போயி சிரிக்க சொல்றே? என் பொண்டாட்டி பாத்தா அவளே கொன்னுடுவா!" என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

எடிட்டிங்கில், செத்துக் கிடந்த அந்த முகத்தைச் சட்டென்று வெட்ட ரஞ்சனிக்கு மனசு வரவில்லை. அத்தை பார்ப்பாளே, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று காட்சியை நீட்டினாள். அது டேப்பில் பதிவாகும்போது உட்கார்ந்து பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள். திரும்பி வந்து ஓட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் போயிற்று. டேப்புக்கு வந்த ஆள் வாசலில் ஹார்ன் அடித்தான். கொடுத்தனுப்பிவிட்டாள்.

ஒளிபரப்பன்று மாடி, கீழ் என்று எல்லாக் குடித்தனத்தையும் அத்தை கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். காப்டன் செத்தார். கூடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு காப்டன் கண்ணைத் திறந்து சிரித்தார். ஒரு குழந்தை கெக்கெக்கே என்றது. அதன் பிறகு பெரியவர்களாலும் அடக்க முடியவில்லை, பாவம்.

மறுநாள் காலை ரஞ்சனி போய் நின்றாள்.

"அத்தை, தப்பு என்னுதுதான். கம்பெனில யார் மேலயும் இல்லை..."

"காப்பி ஆறிண்டிருக்கு. குடி முதல்ல."

"நாலு வார்த்தை திட்டிடுங்கோ அத்தை."

"திட்டி என்னடி ஆகப்போறது? வாட்ச்சு, கம்பம்னு மாடியாத்து மாமா என்னென்னமோ சொன்னார். நான் அதெல்லாம் பாக்கவே இல்லை." அத்தை டபராவை நகர்த்தி வைத்தாள். "இத்தனை வருஷமா கண்ணை மூடினா அவர் வருவார். நேத்திலேர்ந்து அந்தப் பிள்ளையாண்டான்தான் வந்து சிரிச்சுண்டு நிக்கறான். அவர் முகம் வரமாட்டேங்கறது. படத்தைக் கொண்டுவந்து குடுத்துடு, ரஞ்சனி."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். கலீமுல்லா மேக்கப் பெட்டியின் அடியிலிருந்து படத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் மீசையை மறைத்தாள். விரலை எடுத்தாள். மறுபடியும் மறைத்தாள்.

"இவர்தானேடி?"

ரஞ்சனி பிறந்தது யுத்தத்துக்கு அடுத்த வருஷம். அத்திம்பேரை அவள் பார்த்ததே இல்லை.

"இவர்தான் அத்தை" என்றாள்.