மாப்பிள்ளை பிடித்த கயிறு

என் மாப்பிள்ளை ஓட்டுகிற ஜீப்புக்கு நாலு சக்கரத்திலும் இழுவை உண்டு. இழுவை விட்டுப்போனது மாப்பிள்ளைக்குத்தான். மலைமேல் இருக்கும் கல் குவாரிக்கு விடியற்காலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிப் போவார், சாயங்காலம் இன்னொரு கூட்டத்தை. நடுவில் அவர் தூங்கிக்கொள்வார் என்பது முதலாளியின் நம்பிக்கை. ரேடியோ பாடினால்தான் வழியில் அவருக்குக் கண் திறந்திருக்கும். போன வாரம் ஒரு மரக்கிளை ரேடியோவின் ஏரியல் கம்பியை ஒடித்துவிட்டது. நேற்று கொண்டை ஊசி வளைவில் கண்ணயர்ந்து, பின்னால் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் விழித்திருக்கிறார்.

"அந்தக் கம்பியை மாட்டாம வண்டி வாசலைத் தாண்டாது" என்று சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் மகள்.

அதுவரை நானும் சும்மா இருக்கவில்லை. ஒடிந்த இடத்தில் ஒரு குடைக்கம்பியைச் செருகிப் பார்த்தேன். வானிலை அறிக்கை மட்டும் வந்தது. அதுவும் மழை என்ற ஒரே அறிக்கை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்; நனைந்தவன் நான்.

இன்று புது ஏரியல் வந்தது. பழைய ஏரியலின் ஒயர், முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை வழியாக ரேடியோவின் முதுகுக்குப் போகிறது. ரேடியோ பக்கத்து முனையில் ஒரு சணல் கயிற்றைக் கட்டிவிட்டு, வெளியிலிருந்து ஒயரை உருவ வேண்டும். ஒயர் போன வழியில் கயிறு கிடக்கும். புது ஒயரை அதில் கட்டி உள்ளே இழுத்தால் தீர்ந்தது. உள்ளே இருப்பவருக்கு ஒரே வேலை, கயிற்றின் வாலை விடாமல் பிடிப்பது.

"பிடிச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

"உம்."

உருவினேன். ஒயர் வந்தது. கயிறு வந்தது. கயிற்றின் வாலும் வந்தது. எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து, விரலை மடக்கியபடி குறட்டை விடுகிறார்.

உலுக்கினேன்.

"பிடிச்சிருக்கேன் மாமா."

"எதை, காத்தையா?"

பிறகு வளைந்த கம்பியை விட்டு அந்த ஓட்டையைத் துழாவினோம். என் முழங்கைத் தோல் பாதி தகட்டோடு போயிற்று. மத்தியான வெயில் முதுகில் ஏறி இறங்கிய பிறகுதான் கயிறு மறுபடி உள்ளே போனது. இந்த முறை அதை மாப்பிள்ளையின் கையிலேயே கட்டிவிட்டேன். ஒயர் போய்ச் சேர்ந்தது. ஏரியல் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்போடு இரும்பு படும்படி நட்டை முடுக்கினேன்.

மகள் சாவியைக் கொடுத்தாள். பாட்டு கணீரென்று வந்தது. மாப்பிள்ளை டீயோடு சீட்டில் சாய்ந்தார். சற்று நேரத்தில் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. அதற்கும் அவர் அசையவில்லை. மகள் ரேடியோவை அணைத்தாள்.

"ஏன் அணைச்ச? பாட்டு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்."

"பாட்டு முடிஞ்சு செய்தியும் முடிஞ்சிடுச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு இவர் ஓட்ட மாட்டார். உடம்புக்கா? ஒண்ணுமில்ல, தூக்கம். ஆள் இல்லன்னா நீங்களே ஓட்டுங்க."

மாப்பிள்ளை மறுத்துப் பேச வாயைத் திறந்தார். வந்தது கொட்டாவி. எழுந்துபோய் ஜீப்பின் பின் பெஞ்சில் விழுந்தார்.

சாயங்காலம் முதலாளியே வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பெஞ்சில் கிடந்தவரை எழுப்பிப் பார்த்தோம், மலையை எழுப்பியிருக்கலாம். அவரையும் சுமந்தபடியே முதலாளி வண்டியை ஓட்டிப் போனார்.

வழியில் ஏறிய குவாரி ஆட்களும் அவரை எழுப்பவில்லையாம். கால் நீட்ட இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்தார்களாம். ஒருவர் முன்னால் எட்டி, முதலாளியைக் கேட்காமலே ரேடியோ சத்தத்தைக் குறைத்தாராம்.